சிங்கப்பூரில் ஒரு தமிழ்க் கிறிஸ்தவ மாணவரின் நாட்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சபையில் ஞாயிறுதோறும் வேதபாடம் கற்பிக்கும் ஓய்வுநாள் பள்ளியில் உயர்நிலை வகுப்பு மாணவர்களுக்குப் பாடம் எடுத்துவருபவன் என்ற முறையில், பலரும் என்னிடம் கேட்கும் கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். தமிழ்நாட்டிலிருந்து அண்மையில் குடிவந்த பெற்றோரும், மாணவர்களின் பிற சமய நண்பர்களும், சில வேளைகளில் மாணவர்களுமே இவற்றைக் கேட்டிருக்கிறார்கள். சபைக்குச் சபை, வீட்டுக்கு வீடு வழக்கம் மாறும். ஆகவே பொதுவானதைச் சொல்லும்போதே, வேறுபடும் இடங்களையும் குறிப்பிட்டிருக்கிறேன்.

சிங்கப்பூரில் தமிழ்க் கிறிஸ்தவர்கள் எங்கெல்லாம் வழிபடுகிறார்கள்?

2020-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, 15 வயதும் அதற்கு மேலும் ஆன குடியிருப்பாளர்களில் 18.9 விழுக்காட்டினர் கிறிஸ்தவர்கள். இந்தியர்களை மட்டும் எடுத்துக்கொண்டால் ஏறக்குறைய எட்டில் ஒருவர். மெதடிஸ்ட் சபை இங்கே 1885-இல் கால்கொண்டது. அதிலிருந்து இரண்டே ஆண்டுகளில், 1887-இல், தமிழ்ச் சபை தொடங்கிவிட்டது. ஷார்ட் ஸ்திரீட்டில் உள்ள அந்தச் சபையில் இன்றும் தமிழில் ஆராதனை நடக்கிறது. கத்தோலிக்கத் தமிழர்களுக்காக ஓபிர் ரோட்டில் எழுந்த லூர்து அன்னை ஆலயம் 1888-இல் கட்டி முடிக்கப்பட்டது. 2005-இல் அது தேசிய நினைவுச்சின்னமாக அறிவிக்கப்பட்டது. டோர்செட் ரோட்டில் ஆங்கிலிக்கன் சபையான கிறைஸ்ட் சர்ச் இருக்கிறது. இவற்றைத் தவிர, தொழிற்பேட்டைக் கட்டடங்களில் வாடகைக்கு அறை எடுத்துக் கூடும் சிறிய பெந்தெகொஸ்தே சபைகளும் பல உண்டு. ஆங்கில ஆராதனைக்கு மட்டுமே செல்லும் தமிழ்க் குடும்பங்களும் ஏராளம்.

வாரநாளில் ஒரு மாணவரின் பொழுது எப்படிப் போகிறது?

பெரும்பாலான பள்ளிகளில் காலை ஏழரை மணியளவில் கொடியேற்றம் தொடங்கிவிடும். சிங்கப்பூரில் சூரியன் உதிப்பதே ஏழு மணிவாக்கில்தான் என்பதால், தொலைவில் உள்ள பள்ளிக்குச் செல்பவர் இருட்டிலேயே வீட்டைவிட்டுப் புறப்படுகிறார். வகுப்புகள் பிற்பகலில் முடிந்தாலும், இணைப்பாட நடவடிக்கை உள்ள நாட்களில் வீடு திரும்ப மாலை ஆறு மணிக்கு மேலாகிவிடும். அதன்பின் துணைப்பாட வகுப்பு, வீட்டுப்பாடம், சாப்பாடு, தூக்கம். இந்த நாட்டில் ஒரு மாணவரிடம் மிகக் குறைவாக இருப்பது நேரம்தான். அவருடைய விசுவாசமும் விளையாட்டும் நட்பும் அந்தக் குறைந்த நேரத்துக்குள்தான் இடம்தேட வேண்டியிருக்கிறது. இனிவரும் பதில்கள் பெரும்பாலும் இதைச் சுற்றியே அமையும்.

அதிகாலையில் நீண்ட ஜெபத்துக்குப் பெரும்பாலோரால் நேரம் ஒதுக்க முடிவதில்லை. எம்ஆர்டி ரயிலில் கைப்பேசியைத் திறந்து அன்றைய வேதப்பகுதியை வாசிப்பவர்கள் இருக்கிறார்கள். பள்ளிச் சிற்றுண்டிச்சாலையில் தட்டை மேசையில் வைத்துவிட்டு, நண்பர்களின் பேச்சு நடுவில் இருக்கும்போதே ஒரு கணம் கண்மூடித் திறந்து, பிறகு கரண்டியை எடுக்கும் மாணவியை நான் அறிவேன். அவளுடைய தோழியர், அவள் கண்ணைத் திறக்கும்வரை பேச்சை நிறுத்திக் காத்திருக்கப் பழகிக்கொண்டார்கள். அவர்களில் யாரும் கிறிஸ்தவர் இல்லை.

இரவில்தான் குடும்ப ஜெபம். ஒரு பாட்டு, பிறகு ஓர் அதிகாரத்தை ஆளுக்கொரு வசனமாகச் சுற்றி வாசித்தல், ஒருவர் ஜெபம், எல்லாருமாக இயேசு கற்பித்த பரமண்டல ஜெபம் என்பது சீர்திருத்த (புரோட்டஸ்டண்ட்) சபைக் குடும்பங்களில் வழக்கம். கத்தோலிக்கக் குடும்பங்களில் ஜெபமாலை சொல்வார்கள். அப்பாவுக்கு இரவுப் பணி, அக்காவுக்குப் பல்கலைக்கழகத்தில் தாமதம் என்று ஆள் குறையும் நாட்கள் உண்டு. இருக்கிற இருவரோ மூவரோ பத்து நிமிடம் உட்கார்ந்துவிட்டாலே போதும் என்பது என் கருத்து. எல்லாரும் சேரட்டும் என்று காத்திருந்த வீடுகளில் குடும்ப ஜெபம் மெல்ல நின்றுபோனதைப் பார்த்திருக்கிறேன்.

பள்ளியில் சமயம் கற்பிக்கப்படுகிறதா?

அரசுப் பள்ளிகளில் இல்லை. 1984-இல் மேல் உயர்நிலை மாணவர்களுக்குச் சமய அறிவு கட்டாயப் பாடமாக்கப்பட்டது. சமயப் பிரிவினையை அது வளர்த்துவிடக்கூடும் என்ற கவலையால் சில ஆண்டுகளிலேயே கைவிடப்பட்டது. கிறிஸ்தவ சபைகள் நிறுவிய மிஷன் பள்ளிகளில் வழிபாட்டு நேரம், பள்ளிப் போதகர், மாணவர் ஜெபக்குழு ஆகியவை உண்டு. ஆனால் அந்தப் பள்ளிகளிலும் எல்லாச் சமயத்தாரும் படிக்கிறார்கள், பாடத்திட்டமும் ஒன்றுதான். செயின்ட் மார்கரெட்ஸ் 1842-இலும், செயின்ட் ஜோசப்ஸ் 1852-இலும், ஆங்கிலோ-சீனப் பள்ளி 1886-இலும் தொடங்கப்பட்டவை. கடைசியாகச் சொன்ன பள்ளியை 13 மாணவர்களோடு தொடங்கிய வில்லியம் ஓல்டம் பெங்களூரில் பிறந்தவர் என்பதைத் தமிழ்ப் பிள்ளைகளிடம் சொன்னால் நிமிர்ந்து உட்கார்ந்து கேட்கிறார்கள்.

இணைப்பாட நடவடிக்கையாகப் பாய்ஸ் பிரிகேட், கேர்ள்ஸ் பிரிகேட் அமைப்புகளில் சேர்பவர்கள் உண்டு. 1883-இல் கிளாஸ்கோவில் தோன்றிய பாய்ஸ் பிரிகேட் 1930-இல் சிங்கப்பூருக்கு வந்தது. அணிவகுப்பு, முகாம், சமூகத்தொண்டு ஆகியவற்றில் எல்லாச் சமய மாணவர்களும் பங்கேற்கிறார்கள். ஆண்டிறுதியில் ஏழைக் குடும்பங்களுக்காகப் பேரங்காடிகளில் அரிசியும் பால்மாவும் திரட்டும் பணியை அவர்கள் 1988 முதல் செய்துவருகிறார்கள்.

ஞாயிற்றுக்கிழமை முழுவதும் சபையிலேயே போய்விடுமா?

ஏறக்குறைய அரைநாள். காலையில் ஓய்வுநாள் பள்ளி, அதைத் தொடர்ந்து ஆராதனை, அது முடிந்ததும் கூடத்தில் தேநீர், பிறகு வாலிபர் கூட்டம் என்று பிற்பகல் ஆகிவிடும். கத்தோலிக்க மாணவர்களுக்குத் திருப்பலியும் மறைக்கல்வி வகுப்பும் உண்டு. விசுவாசத்தை உறுதிப்படுத்தும் சடங்கான உறுதிப்பூசுதலுக்கு ஆயத்தமாகும் ஆண்டில் வகுப்புகள் கூடும்.

தேநீர் வேளையை நான் சிறியதாக எண்ணுவதில்லை. வீட்டில் அப்பா அம்மாவைத் தவிரப் பெரியவர்கள் எவரோடும் தமிழில் பேச வாய்ப்பில்லாத ஒரு மாணவர், அங்கே ஒரு வடையைக் கையில் வைத்துக்கொண்டு எழுபது வயது ஆண்ட்டியிடம் அகப்பட்டுக்கொள்கிறார். "என்னப்பா, பரீட்சை எப்படி எழுதின? அம்மாவுக்கு முட்டிவலி தேவலையா?" என்று அவர் கேட்பார், கேட்டதோடு நில்லாமல் அடுத்த வாரம் நினைவு வைத்து மறுபடி கேட்பார். மதிப்பெண்ணைத் தவிர வேறு எதையும் விசாரிக்காத உலகத்தில் வாழும் பிள்ளைக்கு, தன் பெயரைச் சொல்லி ஜெபிக்கும் ஒரு முதியவர் இருப்பது பெரிய பலம்.

ஆராதனை முடிந்து வாலிபர்கள் சேர்ந்து தேக்கா நிலையத்துக்குப் பிரியாணி சாப்பிடப் போவதும் அந்த நாளின் பகுதிதான்.

தமிழ் ஆராதனைக்குச் செல்வது நல்லதா, ஆங்கில ஆராதனைக்குச் செல்வது நல்லதா?

பெற்றோர் அதிகம் கேட்கும் கேள்வி இதுதான். மிகுந்த மனவருத்தத்தோடு கேட்கும் கேள்வியும் இதுதான்.

நிலைமையை முதலில் நேராகப் பார்க்க வேண்டும். வீட்டில் அதிகம் பேசும் மொழி தமிழ் என்று சொன்னவர்கள் 2010-இல் 5 வயதும் அதற்கு மேலும் ஆன குடியிருப்பாளர்களில் 3.3 விழுக்காடு, 2020-இல் அது 2.5 விழுக்காடாகக் குறைந்துவிட்டது. தாய்மொழிப் பாடத்தில் நல்ல மதிப்பெண் வாங்கும் மாணவர்கூடத் தன் பயத்தையும் கோபத்தையும் தமிழில் சொல்லத் தெரியாமல் இருப்பதுண்டு. அப்படிப்பட்டவர் கடவுளிடம் பேசும்போது அவருக்கு இயல்பாக வரும் மொழி ஆங்கிலமென்றால், அது குற்றமல்ல. ஆங்கிலத்தில் ஜெபிக்கிறாயே என்று ஒரு பிள்ளையை அதட்டினால், அந்தப் பிள்ளை பிறகு ஜெபிக்கவே தயங்கும்.

ஆனாலும் தமிழ் ஆராதனையை விட்டுவிட வேண்டாம் என்றே நான் ஒவ்வொரு பெற்றோரிடமும் மன்றாடுகிறேன். பள்ளியில் தமிழ் ஒரு பாடம், ஒரு தேர்வுத்தாள். சபையிலோ தமிழ் வேலை செய்யும் மொழி: நோயாளிக்காக அந்த மொழியில் ஜெபிக்கிறார்கள், இறந்தவருக்காக அந்த மொழியில் அழுகிறார்கள், நாற்காலியை எடுத்துப் போடச் சொல்வதும் அதே மொழியில்தான். ஒரு பதினைந்து வயதுப் பிள்ளைக்கு வாரந்தோறும் இப்படித் தமிழ் தேவைப்படும் இடங்கள் சிங்கப்பூரில் மிகச் சில. ஆராதனையில் வேதபாடம் வாசிக்கும் முறை வந்தால், அந்த வாரம் முழுவதும் வீட்டில் வாய்விட்டு வாசித்துப் பார்ப்பார்கள். "நேபுகாத்நேச்சார்" என்ற பெயரில் தடுக்கி விழுந்து, அம்மாவிடம் கேட்டு, மறுபடி எழுந்து வாசிப்பார்கள். அப்படிப் பழகிய பிள்ளைகள் தமிழ் வாய்மொழித் தேர்வில் தயங்குவதில்லை என்பதை ஆசிரியர்களே என்னிடம் சொல்லியிருக்கிறார்கள். ஆயினும் தேர்வுக்காக ஆராதனைக்கு அனுப்புங்கள் என்று நான் சொல்லவில்லை. தாத்தா பாட்டியின் விசுவாசம் எந்த மொழியில் இருந்ததோ அந்த மொழி பேரப்பிள்ளைக்கு அடைபட்டுப் போகக்கூடாது என்பதற்காகச் சொல்கிறேன்.

வேதாகமத்தின் பழைய மொழிபெயர்ப்பின் நடை கடினம் என்று சொல்பவர்கள், 1995-இல் வெளிவந்த பொது மொழிபெயர்ப்பான திருவிவிலியத்தை அருகில் வைத்து ஒப்பிட்டு வாசிக்கலாம். வாரந்தோறும் தமிழ் ஆராதனையும், வாலிபர் வேதபாடம் ஆங்கிலத்திலுமாகப் பிரித்துக்கொள்வதும் நல்ல ஏற்பாடே.

தேர்வு ஆண்டில் சபையை நிறுத்திவைக்கலாமா?

வேண்டாம்.

தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வோ உயர்நிலை நான்காம் ஆண்டோ வந்துவிட்டால், ஞாயிறு காலையில் துணைப்பாட வகுப்பை வைப்பது பல வீடுகளில் நடக்கிறது. பெற்றோரின் அச்சம் எனக்குப் புரிகிறது. அந்த அச்சம் அன்பிலிருந்து வருவது. ஆனால் மாணவர் மிகவும் நெருக்கடியில் இருக்கும் ஆண்டில்தான் அவரைத் தாங்கும் மனிதர்களிடமிருந்தும் பாட்டிலிருந்தும் ஓய்விலிருந்தும் பிரிக்கிறோம். கடவுள் முக்கியம், தேர்வு அதைவிட முக்கியம் என்ற பாடத்தை நாம் வாய்திறக்காமலே கற்றுக்கொடுத்துவிடுகிறோம். ஓராண்டுக்கு மட்டும் என்று நிறுத்தியவர்களில் பலர் தொடக்கக் கல்லூரியிலும் திரும்பி வரவில்லை.

வகுப்பை மாற்ற வழியே இல்லையென்றால், கத்தோலிக்க மாணவர் சனிக்கிழமை மாலைத் திருப்பலிக்குச் செல்லலாம். மற்றவர்கள் வாலிபர் கூட்டத்தைத் தற்காலிகமாகக் குறைத்துக்கொண்டு ஆராதனைக்கு மட்டுமாவது வரலாம். தாம்சன் ரோட்டில் உள்ள நொவீனா ஆலயத்தில் சனிக்கிழமைகளில் நடக்கும் நவநாள் வழிபாட்டில் தேர்வு எழுதப்போகும் மாணவர்களும் கூடுவார்கள். கத்தோலிக்கர் அல்லாதவர்களும் அங்கே வருவதுண்டு.

ஜெபித்தால் மதிப்பெண் கூடுமா என்று ஒரு மாணவர் கேட்டால், படிக்காததை ஜெபம் நினைவுபடுத்தாது என்றும், படித்ததைப் பதற்றத்தில் மறக்காதிருக்க மன அமைதி வேண்டும், அதற்காக ஜெபி என்றும் சொல்கிறேன். விரும்பிய பள்ளி கிடைக்காதபோதும் அவர் கைவிடப்பட்டவர் அல்ல என்பதைத் தேர்வுக்கு முன்பே சொல்லிவைப்பது நல்லது. முடிவு வந்தபின் சொன்னால் அது வெறும் ஆறுதலாகத்தான் காதில் விழும்.

இந்து, முஸ்லிம் நண்பர்களோடு பழகுவதில் சிக்கல் வருமா? தீபாவளி கொண்டாடலாமா?

தமிழ் வகுப்பில் பெரும்பாலும் இந்து மாணவர்களே அதிகம். முஸ்லிம் மாணவர்களும் இருப்பார்கள். கிறிஸ்தவ மாணவர் அங்கே சிறுபான்மையினர். "நீ கிறிஸ்தவன் என்றால் உனக்கு ஏன் தமிழ்ப் பெயர்?" என்று கேட்கும் சீன நண்பரும், "நீங்கள் பொங்கல் வைப்பீர்களா?" என்று கேட்கும் தமிழ் நண்பரும் ஒரே பள்ளியில் இருப்பார்கள். இரண்டு கேள்விக்கும் பொறுமையாகப் பதில் சொல்லத் தெரிந்திருக்க வேண்டும்.

தீபாவளியன்று நண்பர் வீட்டுக்குப் போய் வாழ்த்துச் சொல்லி, பலகாரம் சாப்பிட்டு, அக்கம்பக்கத்தாரோடு மகிழ்ந்திருப்பதில் எந்தத் தடையுமில்லை. அழைப்பை மறுப்பதுதான் நட்பைக் காயப்படுத்தும். பூசையில் பங்கேற்பது, படைத்த பிரசாதத்தை உண்பது ஆகியவற்றில் குடும்பங்களுக்கிடையே கருத்து வேறுபாடு உண்டு. கொரிந்தியருக்கு எழுதிய முதல் கடிதத்தின் 8-ஆம் அதிகாரத்தில் பவுல் பேசுவதும் படைக்கப்பட்ட உணவைப் பற்றியே. வீட்டாரோடு கலந்து முடிவெடுத்து, மறுப்பதானால் முகம் சுளிக்காமல், "எங்கள் வீட்டு வழக்கம் இப்படி, தவறாக எடுத்துக்கொள்ளாதே" என்று சொன்னால் போதும். சிங்கப்பூரில் வளர்ந்த பிள்ளைகளுக்கு இது விளங்கும். ஹலால் உணவையும் சைவ உணவையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்துச் சாப்பிட்டு வளர்ந்தவர்கள் அவர்கள்.

தமிழர் திருநாளாகப் பொங்கலைக் கொண்டாடும் சபைகள் உண்டு; சில சபைகளில் அது வழக்கமில்லை.

தன் விசுவாசத்தைப் பற்றி நண்பர்களிடம் பேசலாமா?

கேட்டால் மனந்திறந்து பேசலாம். வற்புறுத்தக்கூடாது, பிற சமயத்தை இழித்துப் பேசவே கூடாது. 1964 ஜூலை 21-ஆம் நாள் இனக்கலவரத்தை நினைவுகூர்ந்து பள்ளிகள் இன நல்லிணக்க நாள் அனுசரிக்கின்றன. சமய நல்லிணக்கப் பராமரிப்புச் சட்டம் 1990-இல் நிறைவேறியது. சட்டத்துக்கு அஞ்சி மட்டுமல்ல, நண்பனின் வீட்டுப் பூசையறையை மதிக்கத் தெரிந்தவனின் சாட்சியைத்தான் நண்பன் மதிப்பான்.

ஓய்வு நேரத்தில் என்ன செய்கிறார்கள்?

மற்ற மாணவர்கள் செய்வதையே செய்கிறார்கள். புளோக்கின் அருகிலுள்ள திடலில் காற்பந்து, சமூக மன்றத்தில் பூப்பந்து, ஈஸ்ட் கோஸ்ட் பூங்காவில் சைக்கிள், கைப்பேசி விளையாட்டு, கொரிய இசை, தமிழ்ப் படம். ஆனாலும் சபைப் பிள்ளைகளிடம் தனியே ஒரு பொழுதுபோக்கு வேரூன்றியிருக்கிறது. அதுதான் இசை, அதைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும்.

தமிழ்ச் சபையின் பாட்டுப் புத்தகத்தில் இரண்டு மரபுகள் அடுத்தடுத்து இருக்கின்றன. ஒன்று, ஜெர்மன், ஆங்கிலப் பாடல்களை மொழிபெயர்த்து, அவற்றின் மேற்கத்திய மெட்டிலேயே நான்கு குரலில் பாடும் ஞானப்பாட்டு. மற்றது, தஞ்சாவூர் வேதநாயகம் சாஸ்திரியார் (1774–1864) போன்றவர்கள் இராகமும் தாளமும் குறித்து எழுதிய கீர்த்தனை. ஒரே ஆராதனையில் இரண்டும் வரும். ஆகவே கீபோர்டு வாசிக்கும் மாணவர் இரண்டிலும் தேர்ந்தவராக வேண்டும். எங்கள் சபையில் மூத்த பெண்மணி ஒருவர், கீர்த்தனைக்கு முன்னிசை வாசிக்கும்வரை காத்திருக்கமாட்டார். தமக்கு வசதியான சுருதியில் எடுத்துவிடுவார். கீபோர்டில் இருப்பவர் வலது கையால் மெதுவாக ஒரு சுரத்தைத் தொட்டு, பொருந்தவில்லையென்றால் அடுத்த கட்டைக்கு நகர்ந்து, சுருதியை மாற்றும் பொத்தானை அழுத்தி, பல்லவி திரும்ப வருவதற்குள் அவரோடு சேர்ந்துகொள்ள வேண்டும். தபேலா வாசிப்பவர் அதுவரை விரலைத் தோலின்மேல் வைத்தபடி காத்திருந்து, தாளத்தின் முதல் அடியான சமத்தில் நுழைவார். இசைப்பள்ளியில் தரநிலைத் தேர்வுகளை வரிசையாக எழுதி முடித்த மாணவர்கூட முதல் சில மாதம் இதில் திணறுகிறார். பழகியபின் அவருக்கு வரும் காது, எந்த வகுப்பிலும் கிடைக்காதது.

முறையாகக் கற்க விரும்புவோர்க்கு 1949-இல் நிறுவப்பட்ட சிங்கப்பூர் இந்திய நுண்கலைக் கழகம் இருக்கிறது. வீட்டு அடுக்குமாடியில் மிருதங்கம் பழகினால் மேல்வீட்டாருக்குத் தொல்லை என்று தயங்குபவர்கள், சபைக் கூடத்தை வாரநாட்களில் கேட்டுப் பெறலாம், பெரும்பாலும் மறுக்கமாட்டார்கள்.

இசைக்கு அடுத்து நான் ஊக்குவிப்பது பறவை நோக்குதல். கிராஞ்சிக்கு அப்பால் உள்ள சுங்கை புலோ ஈரநிலக் காப்பகத்தில், செப்டம்பர் முதல் மார்ச் வரை வடக்கே சைபீரியா போன்ற தொலைநிலங்களிலிருந்து உள்ளான்களும் உப்புக்கொத்திகளும் வந்து சேற்றில் இரை தேடும். நீர் வற்றியிருக்கும் வேளையில் மறைவிடத்தில் உட்கார்ந்து, பேசாமல் பார்க்க வேண்டும். எந்நேரமும் கைப்பேசி அதிர்ந்துகொண்டிருக்கும் பிள்ளைகள் அங்கே ஒரு மணி நேரம் அமைதியாக இருக்கிறார்கள். மரத்தில் கூடுகட்டும் குருவியையும் தேவதாருவில் குடியிருக்கும் கொக்கையும் பாடும் 104-ஆம் சங்கீதத்தை அங்கே வாசித்துப் பாருங்கள். வகுப்பறையில் வாசித்தபோது கொட்டாவி விட்டவர்கள் கேள்வி கேட்கத் தொடங்குவார்கள்.

வாசிப்பில் நாட்டமுள்ளவர்களுக்கு விக்டோரியா ஸ்திரீட்டில் தேசிய நூலகம் உண்டு. தமிழ் நூல்கள் நிறைய உள்ளன.

திரைப்படம், கைப்பேசி விளையாட்டு போன்றவற்றுக்குச் சபையில் தடை உண்டா?

திரைப்படமே கூடாது என்ற முந்தைய தலைமுறையின் கண்டிப்பு இன்னும் சில சபைகளில் இருக்கிறது. பெரும்பாலான குடும்பங்கள் எதைப் பார்ப்பது, எவ்வளவு பார்ப்பது என்ற அளவில் நிற்கின்றன. கைப்பேசி விளையாட்டைப் பொறுத்தவரை, தூக்கத்தைத் தின்னாத வரை அதையும் நட்பின் ஒரு வடிவமாகவே பார்க்கிறேன். நள்ளிரவைத் தாண்டினால் பெற்றோர் தலையிட வேண்டும்.

கிறிஸ்துமஸ் காலத்தில் மாணவர்கள் என்ன செய்கிறார்கள்?

நவம்பர் பிற்பகுதியிலிருந்து ஏறத்தாழ ஆண்டிறுதிவரை நீளும் பள்ளி விடுமுறையில்தான் கிறிஸ்துமஸ் வருகிறது; நேரமில்லை என்ற குறை நீங்கும் ஒரே காலம் இதுதான். நாடக ஒத்திகை, பாடகர் குழு ஒத்திகை, நட்சத்திரம் கட்டுதல் என்று பிள்ளைகள் சபையிலேயே குடியிருப்பார்கள்.

எல்லாவற்றிலும் அவர்கள் மிக விரும்புவது கேரல் பவனி. ஒரு வேனிலும் சில கார்களிலுமாக உட்லண்ட்சிலிருந்து பிடோக் வரை சபையார் வீடுகளுக்கு மாலை முதல் செல்வார்கள். வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடிகளின் மின்தூக்கியில் கிட்டாரும் தோலக்கும் கிறிஸ்துமஸ் தாத்தாவும் ஒரே தடவையில் ஏற முடியாது. முதல் அணி மேலே போய்த் தாழ்வாரத்தில் இரண்டாம் அணிக்காகக் காத்திருக்கும். கதவுக்கு வெளியே காலணிகள் பக்கத்து வீட்டு வாசல்வரை பரவிவிடும். 1989 முதல் நடப்பிலிருக்கும் இன ஒருங்கிணைப்புக் கொள்கையால் பெரும்பாலான புளோக்குகளில் பல இனத்தாரும் அடுத்தடுத்து வாழ்வதால், பக்கத்து வீட்டு மலாய்க் குடும்பமும் எதிர்வீட்டுச் சீனத் தாத்தாவும் கதவைத் திறந்து பார்ப்பார்கள். அவர்களுக்கும் ஒரு பாட்டு பாடுவது எங்கள் வழக்கம். இரவு பத்து மணிக்குமேல் பாடுவதில்லை, கைதட்டலும் மெதுவாகத்தான். வீட்டுக்காரர் தரும் அச்சு முறுக்கும் சூஜி கேக்கும் ஐந்தாவது வீட்டுக்குப் பிறகு இறங்காது, ஆனாலும் மறுக்க முடியாது.

டிசம்பர் 31 நள்ளிரவு ஆராதனையில் புத்தாண்டுக்கான வாக்குத்தத்த வசன அட்டையை ஆளுக்கொன்றாக எடுப்பார்கள். பல மாணவர்கள் அதைக் கைப்பேசி உறைக்குள் செருகி ஆண்டு முழுவதும் வைத்திருக்கிறார்கள்.

தவக்காலத்தை எப்படிக் கடைப்பிடிக்கிறார்கள்?

தவக்காலமான லெந்து நாட்களில் இறைச்சியை விடுவோர், குமிழித் தேநீரை விடுவோர், சமூக ஊடகத்தை விடுவோர் என்று பலவகை. மிச்சமாகும் காசைக் காணிக்கைப் பெட்டியில் சேர்ப்பார்கள். புனித வெள்ளி பொது விடுமுறை என்பதால் நண்பகல் பன்னிரண்டு முதல் மூன்று மணிவரை நடக்கும் ஆராதனைக்கு மாணவர்களால் முழுமையாக வர முடிகிறது. கத்தோலிக்கர்களுக்குச் சிலுவைப்பாதை உண்டு.

விசுவாசத்தில் ஐயம் எழுந்தால் என்ன செய்ய வேண்டும்?

ஐயம் எழாத மாணவரை நான் இதுவரை சந்தித்ததில்லை. உயிரியல் பாடத்தில் பரிணாமம் படிக்கும்போது ஒருவருக்கு எழுகிறது. புற்றுநோயில் பாட்டியை இழந்தபோது இன்னொருவருக்கு எழுகிறது. சபையில் பெரியவர்கள் சண்டையிடுவதைப் பார்க்கும்போது மற்றொருவருக்கு எழுகிறது. மூன்றும் வெவ்வேறு ஐயங்கள், மூன்றுக்கும் ஒரே பதிலைச் சொல்லக்கூடாது. முதலாமவரோடு உட்கார்ந்து படிக்க வேண்டும். இரண்டாமவரோடு உட்கார்ந்து அழ வேண்டும். மூன்றாமவரிடம் பெரியவர்கள் மன்னிப்புக் கேட்க வேண்டும்.

இயேசுவின் சீடர்களில் தமிழகத்துக்கு வந்து சென்னையில் உயிர்நீத்தவர் என்று மரபு சொல்லும் தோமாவே, காயங்களைத் தொட்டுப் பார்க்காமல் நம்பமாட்டேன் என்று சொன்னவர். அவரை இயேசு விரட்டவில்லை. கையை நீட்டச் சொன்னார். அவர் உயிர்நீத்த இடமென்று சொல்லப்படும் சென்னைப் பரங்கிமலைக்கு யாத்திரை போய்வந்த குடும்பங்களின் பிள்ளைகளிடம் இதைத்தான் நினைவூட்டுகிறேன். ஐயத்தை வெளியே சொல்லும் மாணவரைப் பற்றி நான் கவலைப்படுவதில்லை. ஒன்றும் கேட்காமல், பின்வரிசையில் கைப்பேசியைப் பார்த்தபடி, பெற்றோருக்காக மட்டும் வந்துபோகும் மாணவரைத்தான் ஒவ்வொரு வாரமும் தேடிப்போய்ப் பேசுகிறேன்.

தேசியச் சேவைக்குப் போகும் இளையர் சபையோடு தொடர்பில் இருக்க முடியுமா?

முடியும். வார இறுதியில் வீடு வரும்போது களைப்பில் ஞாயிறு காலை எழ முடியாத நிலை இருக்கும். மாலை ஆராதனை உள்ள சபைகள் அவர்களுக்கு உதவும். வாலிபர் குழுவினர் நடுவாரத்தில் ஒரு செய்தி அனுப்பி விசாரித்தாலே அவர்கள் விலகிப்போவதில்லை.

நாங்கள் தமிழ்நாட்டிலிருந்து அண்மையில் வந்தவர்கள். எங்கள் பிள்ளைக்கு எப்படித் தொடங்குவது?

முதலில் வீட்டுக்கு அருகிலுள்ள சபையையும் தமிழ்ச் சபையையும் ஒவ்வொரு முறை சென்று பாருங்கள். ஊரில் எந்தச் சபைப் பிரிவோ அதே பிரிவுதான் வேண்டும் என்பதைவிட, உங்கள் பிள்ளையின் வயதில் அங்கே நாலு பேராவது இருக்கிறார்களா என்பதைப் பாருங்கள். போதகரிடமோ பங்குத்தந்தையிடமோ நேரில் பேசி, ஓய்வுநாள் பள்ளியில் அல்லது மறைக்கல்வியில் எந்த வகுப்பு என்று கேட்டுச் சேருங்கள். முதல் நற்கருணைக்கோ திடப்படுத்தலுக்கோ (உறுதிப்பூசுதலுக்கோ) ஆயத்தமாகும் வயதானால், ஊரில் பெற்ற ஞானஸ்நானச் சான்றிதழின் நகல் தேவைப்படும். அதை ஊரிலிருந்து வரவழைக்க நாளாகும் என்பதால் முன்கூட்டியே ஏற்பாடு செய்யுங்கள்.

இங்குள்ள பிள்ளைகள் தங்களுக்குள் ஆங்கிலத்திலேயே பேசிக்கொள்வதால், உங்கள் பிள்ளை முதல் சில வாரம் ஒதுங்கி நிற்கக்கூடும். அப்போது பாடகர் குழுவிலோ ஒலியமைப்புக் குழுவிலோ ஒரு வேலையைக் கேட்டு வாங்கிக் கொடுங்கள். ஊரில் கீர்த்தனை பாடி வளர்ந்த பிள்ளை என்றால் சொல்லவே வேண்டாம். அந்தப் பாடல்களை முழுமையாகத் தெரிந்த இளையர் இங்கே குறைவு, இருகை நீட்டி வரவேற்பார்கள்.